கனமும் கனகாலமும்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் தோணி வாங்க வருகிறவர் எவரானாலும், அச்சிலிருந்து கழற்றி மணலில் இறக்கி வைத்திருக்கும் அந்தத் தோணியின் நீளத்தையோ முன்பக்கத்து அணியத்தின் வளைவையோ நோக்குவதற்கு முன்னம், விரல்களை மடக்கி அதன் விலாவில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பதைப் பல வருஷங்களாகக் கண்டு வருகிறேன். ஓசை தடித்து மந்தமாக எழுந்தால் அவருடைய முகம் தெளியும். மெல்லியதாய் அதிர்ந்தாற் சுருங்கும். பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர், "கனமா இருந்தாத்தான் மகன் கனகாலம் நிக்கும்" என்று தீர்ப்புச் சொல்லுவார். எங்கள் பேச்சு வழக்கிற் கனம் என்றாற் பாரம். கனகாலம் என்றால் நெடுங்காலம். ஒரு சொல்லே இரண்டிடத்தும் நிற்பதனால், பாரமும் ஆயுளும் காரண காரியமாக இயல்பிலேயே பிணைந்தவை என்ற பிரமை கேட்பவர் மனத்தில் எளிதாகக் குடிபுகுந்துவிடுகிறது. இந்த அபிப்பிராயம் பிழையானது என்பதும், தோணியை நாள்தோறும் மணலில் இழுத்தேற்ற வேண்டியிருக்கும் எங்கள் கரையைப் பொறுத்தவரை இது பெருந்தீங்கு விளைவிப்பது என்பதும், இதனாலே ஏழைத் தொழிலாளிகள் பணத்தையும் உடம்பையும் வீணாக இழக்கிறார்கள் என்பதும் என் உறுதியான எண்ணமாதலால், ஒளிவு மறைவின்றி இதனை மறுக்க முற்படுகிறேன்.

இந்த நம்பிக்கை ஏன் இத்தனை ஆழமாக வேரூன்றிற்று என்பதை முதலில் நியாயமாகப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது இலங்கையின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்காற்பங்கு அழிந்தோ சிதைந்தோ போயின. உயிர்ச்சேதத்தில் நாட்டிலேயே பெருந்துயரைச் சுமந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். இழந்த தோணிகளுக்கு ஈடாகத் தோணிகள் கொடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் உதவி நிறுவனங்கள் பல முன்வந்தன. அந்தத் தேவையை நிறைவேற்ற, அதுவரை கண்ணாடியிழையும் ரெசினும் சேர்த்துத் தோணி வார்க்கும் ஃபைபர் வேலையில் அனுபவமில்லாதவர்களும் பட்டறை திறந்தார்கள். எத்தனை தோணி என்று கணக்கெழுதியவர்கள் எத்தகைய தோணி என்று கணக்கெழுதவில்லை. தரங்குறைந்த படகுகள் அக்காலத்திற் பரவியதை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே பின்னர் எடுத்துரைத்தது. அப்படி வந்தவற்றிற் சில, ஓரிரு வாடைக்காலம் கழியுமுன்னரே அடிப்பக்கத்து ஏராவின் ஓரமாக வெடித்தன. வெடித்த தோணியைப் புரட்டிப் பார்த்தவர்கள் அது இலேசாயிருக்கக் கண்டார்கள். இலேசாக இருந்தமையாலேயே வெடித்தது என்று முடிவு கட்டினார்கள். அடுத்த முறை பட்டறைக்குப் போனபோது "இன்னும் ரெண்டு பூச்சுக் கூடப் போடுங்க" என்று கேட்டு வாங்கினார்கள். கண்ணாரக் கண்டதிலிருந்து பிறந்த அனுமானந்தான் இது. ஆயினும் பல காரணங்கள் ஒருங்கே நின்ற இடத்தில், கைக்கு எட்டிய ஒன்றைமட்டும் பற்றிக்கொண்ட அனுமானம்.

அவ்வாறு கேட்டு வாங்கிய கனத்த தோணி ஒன்றின் கதையை நான் அருகிருந்து அறிவேன். என் உறவினர் ஒருவருக்குரியது. தட்டினால் அரிசிமூட்டையைத் தட்டியதுபோல் ஓசை அடங்கி வரும். கரையில் அதற்கு நல்ல பெயர். மூன்றாம் வருஷம் அதன் அடிப்பக்கம் முழங்கை நீளத்துக்குப் பிளந்தது. பழுது பார்க்க வந்த காக்கா (மூத்தவர்களை நாங்கள் அழைக்கும் முறை அது), பிளவின் விளிம்பைச் சமப்படுத்துவதற்காக உள்ளங்கையளவு துண்டொன்றை அறுத்தெடுத்து, அதன் தடிப்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என்ன இருக்கெண்டு பாப்பமா தம்பி" என்று கேட்டார். சில்லறைக் கடைத் தராசில் அதனை நிறுத்துக்கொண்டு வந்து, தகரத்தட்டில் வைத்து, சிரட்டைக்கரி நெருப்பின்மேல் ஏற்றினோம். கரும்புகை எழுந்தது, புகை பொல்லாதது என்று எங்களைக் காற்றின் மேற்பக்கம் வந்து நிற்கச் சொன்னார். ரெசின் முழுவதும் எரிந்து அடங்கியபின் தட்டில் எஞ்சியிருந்தது வெண்மையான கண்ணாடியிழை; ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த அதன் படைகளைக் காக்கா ஈர்க்கினால் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். கால் அங்குலத் தடிப்புள்ள துண்டுக்குள் மேட் எனப்படும் இழைப்பாய் மூன்றே படை. சரியாகச் செய்யப்பட்டிருந்தால் அந்தத் தடிப்புக்குள் ஆறு படை அடங்கியிருக்க வேண்டும். மீண்டும் நிறுத்தபோது, தொடக்கத்தில் இருந்த பாரத்தில் ஆறில் ஒரு பங்குதான் இழையென்று தெரிந்தது. மீதி ஐந்து பங்கும் ரெசின். என் உறவினர் தட்டைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாதிருந்தார். அந்த ஐந்து பங்கையும் அவர் மூன்று வருஷம் மணலிலே தள்ளியிருக்கிறார்.

இதில் அடங்கிய தத்துவம் எளியது. கொங்கிரீட்டுக்குக் கம்பி எப்படியோ ஃபைபருக்குக் கண்ணாடியிழை அப்படி. இழுவையைத் தாங்குவது இழை. அவ்விழைகளை ஒன்றாகப் பிடித்துவைப்பதும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாரத்தை மாற்றிக்கொடுப்பதுமே ரெசினின் தொழில். பட்டறைகளில் மிகுதியாகப் பயிலும் 450 மேட் என்பது சதுர மீற்றருக்கு 450 கிராம் பாரமுள்ளது. அதனை முற்றாக நனைப்பதற்கு ஏறக்குறைய ஒரு கிலோ ரெசின் போதும். அந்த அளவில் நின்றால் முடிந்த தகட்டிற் பத்தில் மூன்று பங்கு இழையாக இருக்கும்; இழைக்கற்றைகளால் நெய்த ரோவிங் துணியை ரோலரால் நன்கு அழுத்திப் படியவைத்தால் அது பாதியை அணுகும். ரோலர் ஓட்டுவது அழகுக்காக அல்லவே. உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவதும் மிகையான ரெசினைப் பிழிந்தெடுப்பதும் அதன் காரியம். வெயிலில் ரெசின் இறுகுமுன் அந்த வேலையை முடிக்கப் பொறுமையும் கைவலியும் வேண்டும். அதனைச் செய்யாத பட்டறை வாளியிலிருந்து இன்னொரு பூச்சு ஊற்றித் தடிப்பைக் காட்டிவிடலாம். இழையில்லாத ரெசின் உலர்ந்த பாகுபோல் நொறுங்கும் சுபாவமுடையது. வெளியிற் கூடுதலாகப் பூசிய படையிற் பிறக்கும் மெல்லிய வெடிப்பு உள்ளே இருக்கும் நல்ல படைக்கும் வழிகாட்டிவிடுகிறது. ஆகவே பாரத்தைக் கேட்டு வாங்குகிறவர், தாம் அறியாமலே, பலத்தைக் குறைத்து வாங்கும் நிலைமையும் நேர்கிறது.

இங்கே எதிர்க்கட்சியாரின் மிகச் சிறந்த வாதத்தை நானே எடுத்துச் சொல்ல வேண்டும். அதனை மறைத்துவிட்டு மறுப்பது நேர்மையாகாது. பொறியியல் கற்ற நண்பர் ஒருவர் என்னிடம் கூறியது இது: ஒரே தரமான தகட்டின் தடிப்பைக் காற்பங்கு கூட்டினாற் பாரம் காற்பங்குதான் கூடும், ஆனால் வளையாது நிற்கும் விறைப்பு ஏறத்தாழ இரட்டிக்கும், முறியாது தாங்கும் வலிமை ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். ஆகவே கொடுத்த பாரத்துக்கு மேலான பலன் கிடைக்கிறதே, தடிப்பை ஏன் இகழ்கிறீர் என்றார். கணிதம் முழுவதும் மெய். ஆனால் அதே கணிதம் வேறொரு வழியையும் காட்டுகிறது. விறைப்பைத் தருவது பொருளின் மிகுதியன்று, பொருள் நடுக்கோட்டிலிருந்து விலகி நிற்கும் தூரம். தென்னோலையைப் பாருங்கள். ஓலை முழுவதையும் ஈர்க்கின் தடிப்புக்கு வளர்த்திருந்தால் மட்டை அதைச் சுமக்கமாட்டாது. மெல்லிய இலைக்கு நடுவே ஓர் ஈர்க்கைக் கொடுத்துக் கொண்டற்காற்றுக்கு ஆடவும் மீளவும் வைத்திருக்கிறான் இறைவன். தோணியின் உட்புறத்தில் நெடுக்காக இரண்டு மூன்று பட்டிகளை எழுப்பி அவற்றின்மேல் இழையை ஏற்றிவிட்டால், தகட்டைத் தடிப்பாக்கிப் பெறும் விறைப்பை அதனிற் சிறு பங்கு பாரத்திலேயே பெற்றுவிடலாம்.

அன்றியும், நின்ற பாரத்தைத் தாங்குவது வேறு. வந்து மோதும் அடியை உள்வாங்குவது வேறு. தோணியின் ஆயுளைத் தீர்மானிப்பது எது என்று கரையில் ஒரு நாள் விடியற்காலை நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுபஹுத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் இரவுத் தொழிலுக்குப் போன தோணிகள் திரும்பத் தொடங்கும். தோணியை நடத்தும் தண்டயல் அலைகளை எண்ணிக்கொண்டு வெளியே காத்திருப்பார். பெரிய அலை மூன்று போனபின் எஞ்சினை முறுக்கி, கரை நெருங்கியதும் அதனைத் தூக்கிவிட்டு, ஓடி வந்த வேகத்திலேயே மணலில் ஏற்றுவார். அந்தக் கணத்திற் பின்னால் வரும் அலை தோணியின் பின்பக்கத்தை உயர்த்தி, நீர் வடிந்த வெறு மணலின்மேல் தொப்பென்று போடும். காலடியிலுள்ள மணலும் அதிர்வதை அருகில் நிற்பவர் உணரலாம். நானூறு கிலோத் தோணி அரை மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் ஓர் அளவு அடி. அறுநூறு கிலோவானால் அதில் ஒன்றரை மடங்கு. மறுபுறம், தகடு முறியுமுன் தனக்குள் விழுங்கக்கூடிய அடியின் அளவோ தடிப்பின் நேர்விகிதத்தில்தான் வளருகிறது. தடிப்பை ஒன்றரை மடங்காக்கினால் தாங்கும் திறனும் ஒன்றரை மடங்கு, விழும் அடியும் ஒன்றரை மடங்கு. வலக்கையாற் பெற்றதை இடக்கையாற் கொடுத்தாயிற்று. கூட்டிய தடிப்பு வெறும் ரெசினாக இருந்துவிட்டாலோ நட்டமே. இனி, உருளைக் கட்டைமேல் தள்ளினாலும் வெறு மணலில் இழுத்தாலும், ஏராவைத் தேய்க்கும் உராய்வு தோணியின் பாரத்தோடு கூடவே ஏறுகிறது. நாளுக்கு இரண்டு தரம் என்றால், இருநூறு நாள் தொழில் செய்யும் தோணி வருஷத்தில் நானூறு தரம் அப்படித் தேய்கிறது. நடுக்கடலின் அலை தோணியைத் தூக்கி இறக்கித் தாலாட்டுகிறது. கரையே அதை உடைக்கிறது.

நடுக்கடல் இலேசான கலத்தை எப்படி நடத்துகிறது என்பதற்கு ஒரு பிரத்தியட்ச உதாரணம் உண்டு. 1956ஆம் வருஷம் ஹானெஸ் லிண்டெமான் என்னும் ஜெர்மானிய வைத்தியர், மரச்சட்டத்தின்மேல் துணியும் இரப்பரும் போர்த்திய மடிப்புக் கயாக் ஒன்றில் ஏறி, கனேரித் தீவுகளிலிருந்து தன்னந்தனியாக அத்திலாந்திக் சமுத்திரத்தை எழுபத்திரண்டு நாட்களிற் கடந்தார். அந்தக் கயாக்கின் நீளம் சுமார் பதினேழு அடி. எங்கள் கரையிற் கிடக்கும் சிறிய ஃபைபர் தோணியின் நீளம் அதுவேதான். வழியில் இரண்டு தடவை கவிழ்ந்தும் கலத்தின் உடல் சிதையாமற் கரை சேர்ந்தது. கயாக் என்ற கலத்தைக் கண்டுபிடித்த வடதுருவத்து மக்கள் அதற்கெனக் கையாண்ட முறையும் இதுவே. மரங்கள் வளராத கிரீன்லாந்தின் கரையில், கடல் ஒதுக்கிய மரத்துண்டுகளைப் பொறுக்கி, தோல்வாரினாற் கட்டி, கடல்நாயின் தோலைப் போர்த்தி அமைத்த அந்தக் கலத்தை ஒருவர் தாமே தூக்கிக்கொண்டு நடக்கலாம்; பனிக்கட்டி மிதக்கும் கடலிலே தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு உணவு கொண்டுவந்தது அது. கட்டுகள் சற்றே நெகிழ்ந்து கொடுப்பதனால் அலையின் முறுக்கு ஓரிடத்திற் குவியாமற் கலமெங்கும் பரவிவிடுகிறது.

இக்காலத்துக் கடற்கயாக் செய்வோரிடையேயும் பாரம், பலம் பற்றிய வாதம் ஓய்ந்தபாடில்லை; அதில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. அச்சில் உருட்டி வார்க்கும் பொலித்தீன் கயாக் பாறையில் மோதினாலும் உடையாது. அது கண்ணாடியிழைக் கயாக்கைவிடப் பாரமானது. இதைக் காட்டிப் பாரமே பலம் என்பார் சிலர். ஆனால் பொலித்தீன் தண்ணீரில் மிதக்கும் இலேசான பொருள்! அது உடையாதிருப்பது வளைந்து மீளும் குணத்தினால். பாரமாக முடிவது, விறைப்புக் குறைந்த பொருளாதலால் தடிப்பாக வார்க்க வேண்டியிருப்பதனால். பலம் ஒரு காரணத்தாலும் பாரம் வேறொரு காரணத்தாலும் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. அதற்கு மறுகோடியில் நிற்கும் காபன் இழை மிக இலேசானது, மிக விறைப்பானது, ஆயினும் கூரிய அடிக்குச் சட்டென்று முறிவது. 1965இல் ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண்மணியின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கெவ்லரோ இலேசாக இருந்தும் கிழிக்க முடியாதபடி பிடித்து நிற்பது. தராசு மட்டும் கையிலிருந்தால் இவற்றில் எது நீடிக்கும் என்று சொல்ல ஒருவராலும் இயலாது.

தொலைதேசத்து உதாரணமே வேண்டாம் என்பார்க்கு வங்கக் கடலின் இன்னொரு கரையில் ஒன்று இருக்கிறது. சென்னைக்குத் துறைமுகம் அமைவதற்கு முன், ஏறத்தாழ இருநூற்றைம்பது வருஷ காலம், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் பேரலைக்கு ஊடாகக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணியில்லை, உள்ளே விலாச்சட்டம் இல்லை. மெல்லிய மாம்பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. ஐரோப்பியர் கப்பல்களில் வைத்திருந்த உறுதியான படகுகள் அந்த அலையில் மணலோடு மோதி நொறுங்க, தைத்த படகோ அடியை வாங்கி, நெகிழ்ந்து, ஒழுகிக்கொண்டே கரையேறிற்று. ஒழுகிற்று என்பதை நான் மறைக்கவில்லை; உள்ளே ஒருவர் நீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், தையலைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கயிறும் உழைப்பும் அதன் ஆயுளுக்குக் கொடுத்த விலை.

கட்டுமரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழில் முடித்துக் கரையேறியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலிற் பரப்பி வெயிலில் உலரவிடுவது அத்தொழிலாளரின் வழக்கம். நீர் குடித்த மரம் பாரமாகும், பாரமானது மந்தமாகும், உளுத்தும் போகும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். பாரமேறுவது மூப்பின் அடையாளம் என்பது அவர்களுக்குத் தெரிந்தவாறு ஃபைபர் தோணி வைத்திருக்கும் எங்களுக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம். இருக்கைப் பலகையின் முனை மூடப்படாதிருந்தால், எஞ்சின் பூட்டும் பலகையில் ஆணித்துளை அடைபடாதிருந்தால், உள்ளே வைத்த மரமும் நுரைக்கட்டியும் சொட்டுச்சொட்டாக நீரைக் குடிக்கின்றன. பத்து வருஷத்துத் தோணி புதியதைவிடப் பாரமாயிருப்பதைத் தள்ளுகிற தோள்கள் அறியும். அந்தப் பாரத்தைக் கண்டு அதன் பலத்தை மெச்சுவார் யார்?

அலையை ஊடறுத்து வெளியே போகத் தோணிக்குப் பாரம் வேண்டும், இலேசானதை அலை திருப்பி எறிந்துவிடும் என்று தண்டயல்மார் கூறுவதை நான் மதிக்கிறேன். அதில் உண்மை உண்டு. ஆயினும் எஞ்சினும் எண்ணெயும் வலையும் ஐஸும் ஆட்களும் ஏறியபின் போகிற தோணி அது. குறைந்தால் மணல்மூட்டை ஒன்றை ஏற்றலாம், கரையேறியதும் இறக்கலாம். தகட்டுக்குள் வார்த்த பாரத்தை எந்தக் கரையில் இறக்குவது?

பாரத்தைச் சுமப்பவர் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. சிறு மீன்பிடித் தொழிலுக்கென 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தினர் துறைமுகமற்ற கரைகளுக்கென இறங்குபடகுகளை அமைத்துப் பரீட்சித்தபோது, எத்தனை பேரால் இழுத்தேற்ற முடியும் என்பதை அமைப்பின் முதற் கேள்விகளில் ஒன்றாகக் கொண்டார்கள். எங்களுக்குத் தெற்கே ஒலுவிலில் 2013இல் திறந்த துறைமுகத்தின் வாயை மணல் அடைத்துக்கொண்டது. அதற்கு வடக்கே கடலரிப்புக் கரையைத் தின்று வருகிறது. இழுத்தேற்றும் வேலை எங்கள் தலைமுறையில் ஒழியப்போவதில்லை. இளைஞர் பலர் கத்தாருக்கும் சவூதிக்கும் போய்விட, தோணி தள்ளத் தோள் தேடவேண்டியிருக்கிறது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானபோது, கனத்த தோணிக்காரர் கனத்த தோணிக்கென்று பூட்டிய பெரிய எஞ்சினைப் பார்த்துக்கொண்டு கரையில் இருந்த காட்சி என் கண்ணை விட்டு இன்னும் அகலவில்லை.

பாரமே கூடாது என்று நான் எங்கும் சொல்லவில்லை; அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும் என்கிறேன். மணல் தொடும் ஏராவிலே படைகளை இரட்டியுங்கள். அதன்மேல் தேய்ந்ததும் கழற்றி மாற்றக்கூடிய மரப்பட்டையோ இரும்புப்பட்டையோ பூட்டுங்கள். அணியத்தின் கீழ்மூலைக்கும் எஞ்சின் பூட்டும் பலகைக்கும் அவ்வாறே கொடுங்கள். விலாப்பக்கத்தில் வேண்டுவது நன்றாகப் பிழிந்த நாலைந்து படையும் நெடுக்குப் பட்டிகளும் மாத்திரமே. தோணிக்குச் சொல்லும்போது எத்தனை பூச்சு என்று கேளாது, எத்தனை படை, எந்த மேட், எங்கே ரோவிங் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அச்சிலிருந்து கழற்றியதும் ஓரங்களைச் சமமாக அறுப்பார்கள். அப்போது விழும் துண்டுகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி, முற்பணம் போக மீதியைக் கொடுக்குமுன், காக்கா செய்ததுபோல் நிறுத்து, எரித்து, மீண்டும் நிறுத்துப் பாருங்கள். கரியும் தகரத்தட்டும் தராசும் எங்கள் தெருவில் எல்லாரிடமும் உண்டு. என் உறவினர் இப்போது வைத்திருக்கும் தோணி அப்படிப் பார்த்து வாங்கியது. தட்டினால் மெல்லிதாய் அதிர்கிறது. நாலு பேர் தள்ள மணலை விட்டு நகர்கிறது.